பிரஷர் ஏத்துற மருந்து போட்டாலே கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தமா?

"அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக், ஐசியூல நார்அட்ரினலின் ஓடுது, இது கடைசி கட்டமா"ன்னு கேட்டிருக்கீங்க. அப்படி இல்லீங்க. நீங்க இப்ப ஐசியூ வாசல்ல உக்காந்துட்டுதான் இத டைப் பண்ணிருப்பீங்க. நான் டாக்டர் இல்ல, பலசரக்குக் கடை வச்சிருக்கேன், தப்பிருந்தா டாக்டர்மார் திருத்துங்க, ஆனா பட்டதச் சொல்றேன்.

எங்களுக்கு செங்கோட்டை. அப்பாவ ராத்திரியே ஆரியங்காவு வழியா திருவனந்தபுரம் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வச்ச பிறகும் மேல் பிரஷர் 80 தாண்டல, கை காலு ஐஸ் மாதிரி. மருந்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற மெஷின், சிரிஞ்ச் பம்ப், ரெண்டு வச்சாங்க. டோபுடமைன் ஹார்ட்ட நல்லா அழுத்தி அடிக்க வைக்கும், நார்அட்ரினலின் ரத்தக்குழாய இறுக்கி பிரஷர ஏத்தும். ஹார்ட் தேறுற வரைக்கும் கிட்னிக்கும் மூளைக்கும் ரத்தம் போகணும்ல, அதுக்குத்தான்.

கழுத்துல லைன் போட, அதாவது மருந்து போறதுக்கு அங்க உள்ள பெரிய ரத்தக்குழாய்ல டியூப் போட, கையெழுத்து கேட்டாங்க. சித்தப்பா "கழுத்துல குத்துனா அண்ணன் பொழைக்க மாட்டாகடே"ன்னாரு, நானும் ரெண்டு மணி நேரம் போடல. அதுவரைக்கும் கை நரம்புலயே ஓடுன மருந்து கசிஞ்சிருச்சு. ஊசி குத்துன இடத்தச் சுத்தி தோல் வெள்ளையா வெளுத்து, ஓரம் நீலம் பாரிச்சு, தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. நர்ஸ் பார்த்துட்டு உடனே மறு கைக்கு மாத்துனாங்க, என்கிட்ட "பேடிக்கண்டா சேட்டா"ன்னாங்க, பயப்படாதீங்கண்ணேன்னு மலையாளத்துல. இறுக்குற மருந்து வெளிய கசிஞ்சா அந்த இடத்துத் தோல் ரத்தம் இல்லாம செத்துப்போயிரலாம், அதனாலதான் கழுத்து லைன் கேட்டிருக்காங்க. அப்பா கையில அந்த வடு இப்பவும் இருக்கு, அது என்னால வந்தது.

அந்த ஃபாரம் முழுக்க மலையாளம். 1956 வரைக்கும் எங்க ஊரு திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு, தாத்தா மலையாளம் வாசிப்பாரு, எனக்குப் பேச மட்டும்தான் வரும். தினம் எத்தன தமிழ் ஆளுக அங்க போறோம், ஒரு தமிழ் ஃபாரம் வைக்கக் கூடாதா?

காசு புடுங்கத்தான் இதெல்லாம்னு கமெண்ட்ல வருவாங்க, நம்பாதீங்க. மணிக்கு எத்தன எம்.எல். ஓடுது, நேத்தைக்கு இன்னைக்கு குறையுதான்னு மட்டும் கேளுங்க. அப்பாவுக்கு 12, 8, 3ன்னு குறைஞ்சு நாலாம் நாள் நிறுத்துனாங்க. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்லல, டோஸ் ஏறிட்டே போனா நிலைமை கஷ்டம்தான். இந்த மருந்து உடம்புல சில நிமிஷம்தான் நிக்கும், அதனால சிரிஞ்ச் தீரப்போறப்ப பம்ப் கத்தும், நர்ஸ் ஓடுவாங்க, பயந்துராதீங்க.

கழுத்து லைனுக்கு கையெழுத்து கேட்டா அதுல இருக்கறத வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு அப்பவே போட்டுருங்க.