ஓடு மாற்றப் போகிறீர்களா? கூரை பிரிக்கும் நாளுக்குத் தயாராகுங்கள்

கேள்வி: எங்கள் ஓட்டு வீட்டுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. மழை வந்தால் மூன்று நான்கு இடங்களில் ஒழுகுகிறது. அங்கங்கே ஒட்டுப்போட்டுச் சலித்துவிட்டதால் மொத்தக் கூரையையும் மாற்ற நினைக்கிறோம். ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்கலாமா? ஓட்டுக்குப் பதில் தகர ஷீட் போடலாமா? நாங்கள் எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும்?

பதில்: ஐந்து நாள் என்பது ஓடு மாற்றுவதற்கான கணக்கு. ஓட்டுக்குக் கீழே மரம் எப்படி இருக்கிறது என்பது மேஸ்திரிக்கும் இப்போது முழுதாகத் தெரியாது. பழைய ஓடுகளை இறக்கிய பிறகுதான் கைமரமும் (கூரை உச்சியிலிருந்து சுவர் வரை சரிவாக இறங்கும் மரம்) ரீப்பரும் (அதன் குறுக்கே அடித்த, ஓடு உட்காரும் மரப்பட்டை) வெளிச்சத்துக்கு வரும். செலவு கூடுவதும் நாள் இழுத்துக்கொண்டு போவதும் வாக்குவாதம் வருவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

அதனால் மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். கைமரம் மாற்ற வேண்டி வந்தால் அடிக்கு என்ன விலை, ரீப்பருக்கு என்ன விலை என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கூரை திறந்து கிடக்க, மேகம் திரண்டு நிற்க, பேரம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. உடைசலை அப்புறப்படுத்துவது யார், தார்ப்பாய் யாருடையது, மேலே ஏறும் ஆட்களுக்குப் பாதுகாப்புக் கயிறும் காப்பீடும் உண்டா என்பதும் அதே சீட்டில் வரட்டும்.

பிரிக்கும் அன்று, முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம், கைமரம் சுவர்மேல் உட்காரும் முனை. ஓட்டு விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் மரத்தோடு வழிந்து வந்து அங்கேதான் தங்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அங்கே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மரம் என்றால் நுனி மேலேயே நிற்கும். உளுத்த மரத்தில் சிரமமே இல்லாமல் உள்ளே இறங்கும், பழுப்புத் தூள் உதிரும். கறையான் தின்ற மரம் இன்னும் ஏமாற்றும். வெளியே வழவழப்பாக இருக்கும், தட்டினால்தான் பொள்ளலாகக் கேட்கும். நீங்கள் ஏற வேண்டாம். ஒவ்வொரு முனையையும் போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முனை மட்டும் கெட்டிருந்தால், சுவர்மேல் உட்காரும்படி புதுக் கட்டையைப் பக்கத்தில் சேர்த்து போல்ட் போட்டு முறுக்கலாம். நடுவில் வளைந்தோ விரிசல் விட்டோ போயிருந்தால் முழு மரத்தையும் மாற்றுவதுதான் சரி. பெயின்ட் அடித்தால் போதும் என்று சொல்பவரிடம் அதற்கு மேல் பேசுவதில் பயனில்லை.

ஷீட் விஷயத்துக்கு வருவோம். சுட்ட களிமண் ஓடு வேய்ந்த கூரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிலோ இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் சுமார் 5 கிலோதான். சுமை குறைகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். பாதி உண்மை. பலத்த காற்று அடிக்கும்போது கூரையைக் கீழே அழுத்தி வைத்திருந்தது அந்த ஓட்டின் எடைதான். அது போய்விட்டால் காற்று கூரையை மேலே தூக்கப் பார்க்கும். எனவே ஷீட் போடுவதென்றால் கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைப்பது கட்டாயம். ஸ்க்ரூக்களை ஷீட்டின் மடிப்பில் பள்ளத்தில் அல்ல, மேட்டில் அடிக்க வேண்டும். ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. ஷீட்டை கிரைண்டரால் அறுத்தால் சிதறும் இரும்புப் பொடியை அன்றே துடைத்துவிட வேண்டும். விட்டால் அந்தப் பொடி துருப்பிடித்து ஷீட்டையும் கெடுக்கும். மழைச் சத்தத்தையும் வெயில் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால், மரம் நன்றாக இருக்கும்வரை ஓடுகளையே தொடருங்கள் என்பேன். மாறாக, ஷீட்டிலிருந்து ஓட்டுக்கு மாறுபவர்கள் பொறியாளரிடம் காட்டாமல் மாறவே கூடாது. எடை பல மடங்கு ஏறுகிறது. உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதை உடைக்காமல், அறுக்காமல், நனைத்து முழுசாக இறக்க வேண்டும். அதன் நார் நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதற்குப் பழகிய ஆட்களை அழைப்பதே நல்லது.

வீட்டில் இருக்கலாமா? பிரிக்கும் நாட்களில் பகலில் இருக்க முடியாது. பல வருடத் தூசி, எலிப் புழுக்கை, ஓட்டுச் சில்லு எல்லாம் கீழேதான் விழும். குழந்தைகள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள், நாய் பூனை எல்லோரும் வேலை முடியும்வரை வேறு இடத்தில் இருக்கட்டும். மற்றவர்கள் இரவில் தங்க வேண்டுமானால் வேலையைப் பகுதி பகுதியாக நடத்தச் சொல்லலாம். ஆனால் ஒரு பக்கச் சரிவை மட்டும் காலி செய்து மறுபக்கத்தை முழுச் சுமையோடு விட்டால் சட்டகம் சாயப் பார்க்கும். வீட்டின் ஒரு முனையில் தொடங்கி, இரண்டு சரிவையும் சமமாக இறக்கிக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு. கைமரத்தில் தொங்கும் ஃபேனைக் கழற்றிவிடுங்கள், அந்தப் பக்க மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். ஆணி அடிக்கும் அதிர்வில் சுவரில் மாட்டிய படங்கள் விழும்.

மழையை லேசாக நினைக்காதீர்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் தண்ணீர். தார்ப்பாய் கூரையின் உச்சியான முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும், கீழே சுவருக்கு வெளியே தொங்க வேண்டும். பாதியில் நின்றால் தண்ணீரை அதுவே வீட்டுக்குள் திருப்பிவிடும்.

புது ஓடு ஏறியதும் எல்லோரும் ஓடுகளையே பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒழுகுவது அங்கே அல்ல. கூரை சுவரோடு சேரும் இடம், இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம், முகட்டோட்டைப் பதிக்கும் கலவை ஆகிய மூன்றும்தான் வம்பு. பள்ளத்தில் பழைய தகரத்தையே திரும்ப வைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

முகட்டுக் கலவை நன்றாகக் காய்ந்த பிறகு ஹோஸ் பைப்பால் சோதித்துப் பாருங்கள். கீழ் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். இடத்துக்குப் பத்து நிமிடமாவது தண்ணீர் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. கடைசித் தவணைப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு தருவதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், மிஞ்சும் ஓடுகளில் இருபது முப்பதைத் தனியே எடுத்து வையுங்கள். சில வருடம் கழித்து அதே அச்சில் ஓடு கிடைப்பது கஷ்டம்.