எந்தச் சீட்டை முதலில் எடுப்பது? பெரிய பணிகளைத் திட்டமிடுவது பற்றிக் கேள்வி பதில்

திட்டமிடல் பணியில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். பெரிய வேலை ஒன்றைத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பட்டியலில் 70 வேலைகள் இருக்கின்றன. எல்லாமே அவசரம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவசரத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு வேலையையும் தனிச் சீட்டில் எழுதி மேசைமீது பரப்புங்கள். பிறகு ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்து, இது முடியாவிட்டால் வேறு எவையெல்லாம் நிற்கும், இதில் நமக்குத் தெரியாதது எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் பெரிய விடை தரும் சீட்டே உங்கள் முதல் வேலை.

நடைமுறையில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகவே செய்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பழைய கணக்குப் பதிவுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றும் பணியில், நாங்கள் முதல் மூன்று மாதங்களைத் திரைகளையும் படிவங்களையும் அழகுபடுத்துவதில் செலவிட்டோம். நான்காம் மாதம் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தபோது, ஒரே கோப்பில் தேதிகள் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தன. சில இடங்களில் மாதம் எது, நாள் எது என்று பிரித்தறியவே முடியவில்லை. நாங்கள் வடிவமைத்த படிவங்களில் பாதியை மாற்ற நேர்ந்தது. முதல் வாரத்தில் 200 பதிவுகளை மட்டும் எடுத்து ஏற்றிப் பார்த்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

சீட்டுகளுக்கிடையே எது எதற்காகக் காத்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பல பாதைகள் கிடைக்கும். அவற்றுள் மிக நீண்ட பாதையில் ஒரு நாள் தாமதமானாலும் மொத்தப் பணியும் ஒரு நாள் தள்ளிப்போகும். டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் 1950-களின் இறுதியில் உருவாக்கிய ‘கிரிட்டிக்கல் பாத்’ முறையின் சாரம் இதுதான்.

கேள்வி: இதற்கெல்லாம் எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: சீட்டும் பென்சிலும் போதும். அம்புக்குறிகள் சரியாக அமைந்த பிறகு எந்த மென்பொருளில் ஏற்றினாலும் நன்றே.

கேள்வி: நாள் கணக்கை எத்தனை கவனமாகப் போட்டாலும் தவறுகிறதே, ஏன்?

பதில்: வேலை எப்படி நடக்கும் என்று மனத்தில் ஓட்டிப் பார்த்துக் கணக்கிடுகிறோம், அந்தக் கற்பனையில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்றார்கள். ஆனது ஏறத்தாழ 55 நாட்கள். எல்லாமே தவறாக நடந்தால் எத்தனை நாள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்குகூட 49 நாட்களைத் தாண்டவில்லை. ஆகவே, இதே போன்ற வேலை முன்பு உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்பதைத் தேடி, அதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

கேள்வி: திட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் வேலை எப்போது தொடங்கும்? இறங்கிவிட்டால் வழி தானாகத் தெரியும் என்பதே என் அனுபவம்.

பதில்: சிட்னி ஓபரா மாளிகையில் அப்படித்தான் இறங்கினார்கள். சிப்பி போல வளைந்த கூரைகளை எந்த வடிவத்தில் கட்ட முடியும் என்பது தீராத நிலையிலேயே, அரசின் அவசரத்தால் 1959-இல் அடித்தளப் பணி தொடங்கிவிட்டது. பிறகு கூரையின் எடையைத் தாங்க அடித்தளத் தூண்களுக்கு வலிமை போதாது என்று தெரிந்து, அவற்றை மாற்றிக் கட்டினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-இல் முடிய வேண்டியது, 10.2 கோடி டாலர் செலவில் 1973-இல் முடிந்தது.

அதே அன்பர்: ஆனால் 2007-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்றே! காத்திருந்தால் அந்தக் கட்டடமே வந்திருக்காது.

பதில்: கட்டடத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. கூரைக்கு விடை காண ஆண்டுகள் தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் தூண்களை எழுப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை. காகிதத்திலும் மாதிரியிலும் செய்த பிழையை அழித்துவிடலாம்; கான்கிரீட்டில் செய்ததை இடித்தாக வேண்டும். நீங்கள் சொல்லும் ‘இறங்கிப் பார்த்தல்’ அந்த 200 பதிவுகளைப் போன்ற சிறு சோதனையானால், நானும் உங்கள் பக்கமே. திரும்ப முடியாத வேலையில் இறங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: எங்கள் குழுவிலும் எல்லாமே முதன்மை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். தெரியாததை முதலில் எடுங்கள்.

கேள்வி: ஒப்பந்ததாரர் தாமதித்தால் அபராதம் விதிக்கலாமா?

பதில்: இதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், கையொப்பமிடும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: தாமதமானால் ஆட்களைக் கூட்டிச் சமாளிக்கலாம் அல்லவா?

பதில்: 5 பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேச 10 இணைப்புகள், 10 பேரானால் 45. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் உங்கள் பழைய ஆட்களே என்பதால், அவர்கள் வேலையும் நிற்கும்.

கேள்வி: கைபேசியில் இயங்கும் நல்ல திட்டமிடல் செயலி உண்டா?

பதில்: மென்பொருள் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

‘இறங்கிப் பார்’ என்ற அன்பர்: சரி, சோதனை என்றால் ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றை எவ்வளவு தூரம் திட்டமிட வேண்டும்?

பதில்: அடுத்த நான்கு வாரங்களை நாள்வாரியாகவும், அதற்கடுத்த மூன்று மாதங்களை வாரவாரியாகவும் எழுதுங்கள். அதற்கு அப்பால், முடிய வேண்டிய பெரிய கட்டங்களை மட்டும் குறித்துவிட்டு, ஒவ்வொரு மாத இறுதியிலும் சீட்டுகளை மீண்டும் மேசைமீது பரப்புங்கள்.