பரத ஆசிரியைக்குத் தேசிய ஆசிரியர் விருது: பெற்றோர் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. துவாரகா பள்ளியில் 12 வருடமாகப் பரதம் சொல்லித்தரும் உங்கள் மகளின் டீச்சருக்காக நீங்கள் இணையத்தில் விண்ணப்பிக்கப் பார்த்திருக்கிறீர்கள். 2018 முதல் ஆசிரியரே தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் சிக்கி நின்றது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அதைவிட முக்கியம், அவர் எந்த வேலைமுறையில் இருக்கிறார் என்பது. நிரந்தரப் பணியில் குறைந்தது 10 ஆண்டு வேண்டும். ஒப்பந்த ஆசிரியருக்குத் தகுதி கிடையாது. கலை ஆசிரியர்கள் பலரையும் பள்ளிகள் பகுதி நேரமாகவே வைத்திருக்கின்றன. எனக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம். டீச்சரிடமே நியமன ஆணையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிரந்தரம் என்றால் சரி, ஆண்டு விழா வீடியோக்கள், பிள்ளைகளின் புகைப்படங்கள், பெற்றோர் கடிதங்கள் என்று சேர்க்க நீங்கள் உதவலாம். விண்ணப்பத்தோடு இந்தச் சான்றுகளையும் பதிவேற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: தனியார் ட்யூஷன் எடுப்பவர்களுக்கு இந்த விருது இல்லை. மாலையில் வீட்டில் கட்டணத்துக்கு நடனம் சொல்லித்தருகிறார் என்றால், விண்ணப்பிக்கும் முன்பே பள்ளி முதல்வரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும்.

ஒப்பந்தம்தான் என்றால் செப்டம்பர் 5 அன்று பள்ளி மேடையிலேயே அவரைக் கௌரவிக்கும்படி பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அப்புறம், நிரந்தரமாக்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள்.