பட்டறைக் கேள்வி பதில்: வீட்டிலேயே கட்டும் சிஎன்சி ரௌட்டர்

கேள்வி: மரச் செதுக்கு வேலைக்காக 600 × 900 மி.மீ. அளவில் சிஎன்சி ரௌட்டர் (கணினி சொல்லும் வழியில் கட்டரை ஓட்டும் மெஷின்) கட்டுகிறேன். கேன்ட்ரியின் (கட்டரைத் தாங்கி மேஜைக்கு மேலே ஓடும் பாலம்) பக்கத் தகடுகளுக்கு 10 மி.மீ. அலுமினியம் வாங்கி வைத்திருக்கிறேன். 16 மி.மீ. வேண்டும் என்கிறார் நண்பர். விலை இடிக்கிறது. கையில் இருப்பது ஒரு பில்லர் டிரில் மட்டும்தான். தகடுகளை எங்கே கொடுத்துச் செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நண்பர் சொல்வது சரிதான். தடிமன் 10-லிருந்து 16-க்குப் போனால் தகட்டின் விறைப்பு நான்கு மடங்காகும். ஆனால் காசை எடுக்கும் முன் உங்கள் வரைபடத்தில் தகட்டின் உயரத்தைப் பாருங்கள். 200 மி.மீ. உயரத்தை 160 ஆக்கினால், அதே தள்ளுவிசைக்கு வளைவு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்குச் செலவே இல்லை. செதுக்கு வேலைக்குக் கட்டருக்கு அடியில் 100 மி.மீ. இடைவெளி தாராளம். பெட்டி மாதிரி உயரமான பொருளையும் செதுக்கலாமே என்று ஆசைப்பட்டு உயரத்தை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். அந்த ஆசையை விட்டால் 12 மி.மீ. தகட்டிலேயே நல்ல மெஷின் கிடைக்கும்.

வெளியே கொடுக்க வேண்டாம், பில்லர் டிரில் போதும். தனித்தனியாக மார்க்கிங் போட்டுத் தனித்தனியாக மட்டும் துளைக்காதீர்கள். இரண்டு தகடுகளின் உட்பக்கங்களும் ஒன்றையொன்று தொடும்படி அடுக்குங்கள். கீழ் விளிம்புகளைத் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்திச் சமன் செய்து, சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு மூலையில் 5.8 மி.மீ. துளை போட்டு, 6 மி.மீ. ரீமர் (துளையைச் சரியான அளவுக்குத் திறக்கும் கருவி) ஓட்டி, டவல் பின் (இடம் நிறுத்தும் உருளை ஆணி) அடியுங்கள். எதிர் மூலையிலும் அப்படியே. இனி அடுக்கு அசையாது. எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் இரண்டிலும் சேர்த்துப் போடலாம்.

இதில் என்ன லாபம் என்றால், ஒரு துளை வரைபடத்தைவிட 0.3 மி.மீ. தள்ளிப் போனாலும் இரண்டு தகட்டிலும் ஒரே மாதிரி தள்ளிப் போகும். கேன்ட்ரி மூலைமட்டத்திலேயே நிற்கும். மெஷினுக்கு வேண்டியது இடதும் வலதும் ஒத்துப்போவது. வரைபடத்து எண்ணை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை எட்டுவது அப்புறம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: டிரில் மேஜை ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் 20 மி.மீ. அடுக்கின் அடியில் துளை 0.35 மி.மீ. விலகும். முதலில் மூலைமட்டம் வைத்து மேஜையைச் சரிபாருங்கள். துளையின் இரண்டு வாயிலும் பிசிறு எடுக்க மறக்காதீர்கள். ஒரு சின்னப் பிசிறு பேரிங் பிளாக்கைத் தூக்கிவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

கேள்வி: ஐயா, நான் ஐடிஐ-யில் டர்னர் படிக்கிறேன். நெமா 23 (ஸ்டெப்பர் மோட்டாரின் ஒரு முக அளவு) மோட்டார் பிளேட்டுக்கு நடுத்துளை எப்படிப் போடுவது? 38 மி.மீ. ஹோல் சா போட்டேன், மோட்டார் உட்காரவில்லை.
– மாணவர், விருதுநகர்

பதில்: தம்பி, அந்த மோட்டாரின் முகத்தில் உள்ள வளையம் 38.1 மி.மீ. ஹோல் சா துளை வட்டமாகவும் வராது. உங்கள் டிரேடுக்கே உரிய வேலை இது. நாலு தாடை சக்கில் பிளேட்டைக் கட்டி, நடுப்புள்ளியை டயல் கேஜில் ஓடவிட்டு, போரிங் டூலால் 38.15 வரை திறங்கள். வளையத்தின் உயரம் 1.6 மி.மீ.தான், 2 மி.மீ. ஆழத்துக்கு அளவு சரியாக இருந்தால் போதும், மீதி சற்றுப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. நான்கு போல்ட் துளைகள் 47.14 மி.மீ. சதுரத்தில் வரும். அதாவது மையத்திலிருந்து இரு திசையிலும் 23.57.

கேள்வி: 1605 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நட்டை நகர்த்தும் திருகுத் தண்டு) போட்டிருக்கிறேன். நடுவில் லேசாக ஓடுகிறது. ஓரத்துக்குப் போனால் இறுகி, மோட்டார் உறுமிக்கொண்டு ஸ்டெப்பை விடுகிறது (நகர வேண்டிய அடியைத் தவறவிடுகிறது). பெரிய மோட்டார் மாற்றலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். நட்டின் மையமும் பேரிங் மையமும் ஒரே நேர்கோட்டில் இல்லை. நடுவில் ஸ்க்ரூ கொஞ்சம் வளைந்து இடம் கொடுத்துவிடுகிறது. பேரிங் பக்கத்தில் வளைய இடமில்லாததால் இறுகுகிறது. நட் ஹவுசிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, நட்டை மோட்டார் பக்கப் பேரிங் வரை கொண்டுபோய் அங்கேயே இறுக்குங்கள். அப்புறம் நட்டை மறுகோடிக்கு ஓட்டி, அந்தப் பக்கப் பேரிங் பிளாக்கைத் தளர்த்தி, தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே இறுக்குங்கள். உயரத்தில் வித்தியாசம் இருந்தால் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். கையால் திருப்பினால் கடைசி வரை ஒரே கனத்தில் ஓட வேண்டும்.

மறுகோடிப் பேரிங்கை நீளவாக்கில் இறுக்கிப் பூட்டாதீர்கள். வெயில் ஏறி 10 டிகிரி கூடினால் ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம், அதே நீள எஃகு ஸ்க்ரூவைவிட 0.1 மி.மீ. கூடுதலாக நீளும். அதற்கு வழி விட வேண்டும்.

கேள்வி: மரத்துக்குக் கட்டிய மெஷினில் அலுமினியம் வெட்டலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வெட்டலாம். 6 மி.மீ. ஒற்றைப் பல் கட்டர், 18,000 சுற்று, நிமிடத்துக்கு 900 மி.மீ. வேகம், ஒரு தடவைக்கு அரை மி.மீ. ஆழம். இதிலிருந்து தொடங்குங்கள். வேகத்தைக் குறைத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். மெதுவாகப் போனால் கட்டர் வெட்டாமல் தேய்த்து, சூட்டில் அலுமினியம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயைப் பிரஷில் தொட்டு வையுங்கள். பீச்ச வேண்டாம், கார்பன் பிரஷ் மோட்டாரில் பொறி பறக்கும்.