பொலிவியாவை இருவராகச் சுற்றிவர மூன்று வாரங்கள் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

நானும் என் கணவரும் 2018ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் புறப்பட்டு, ஆளுக்கொரு முதுகுப்பையுடன் 24 நாட்கள் தென் அமெரிக்க நாடான பொலிவியாவில் சுற்றினோம். கேள்வியின் முதல் பாதிக்கு விடை எளிது: மூன்று வாரங்கள் போதும். இரண்டாம் பாதிதான் முக்கியம். எந்த ஊரிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த மூன்று வாரங்களும் எப்படிக் கழியும் என்பது முடிவாகிறது. அதில் நாங்கள் தவறு செய்தோம் என்பதால் அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களுக்கு மலிவாகக் கிடைத்த விமானச் சீட்டு, சாந்தா குரூஸ் நகரில் இரண்டு மணி நேரம் காத்திருந்து லா பாஸுக்குச் செல்லும்படி அமைந்திருந்தது. சாந்தா குரூஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெப்பமான சமவெளி நகரம். லா பாஸுக்கான விமான நிலையமோ அந்நகருக்கு மேலே எல் ஆல்டோவில், 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் பயணத்தில் உடலை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பது விளங்கும். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

என் கணவர் பத்தாண்டுகளாக நாள் தவறாமல் காலையில் ஓடுபவர். நானோ மாடிப்படி ஏறுவதற்கே சலித்துக்கொள்பவள். ஆகவே யாருக்காவது உயர நோய் வந்தால் அது எனக்குத்தான் வரும் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். மாத்திரைகளைக்கூட என் பையில்தான் வைத்தோம். நடந்தது நேர்மாறு. எனக்கு லேசான தலைவலி ஒரு நாள் இருந்து போய்விட்டது. அவரோ முதல் மாலையே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் இதைச் 'சொரோச்சே' என்கிறார்கள். ஓடிப் பழகிய நெஞ்சும் கால்களும் இதற்குக் காப்பாவதில்லை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று மருத்துவர் பிறகு விளக்கினார்.

அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை. தூக்கத்தில் அவருடைய மூச்சு வேகமாக நான்கைந்து முறை வந்து, பிறகு சட்டென்று நின்றுவிடும். நான் இருட்டில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பத்து, பன்னிரண்டு என்று போனபின் ஒரு பெரிய இழுப்புடன் மூச்சு மீண்டும் வரும். உயரமான இடங்களில் இப்படி விட்டுவிட்டு மூச்சு வருவது பலருக்கும் உண்டு என்பதும், அது மட்டும் இருந்தால் ஆபத்து என்று பொருளல்ல என்பதும் எனக்கு அப்போது தெரியாது. விடிந்தபின் அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்குப் போனோம். விரலில் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் ஆக்சிஜன் கொடுத்து, முடிந்தால் கீழே இறங்கிவிடுங்கள் என்று சொன்னார்கள்.

லா பாஸிலிருந்து கீழே இறங்குவதற்கும் முதலில் மேலே ஏற வேண்டும் என்பதுதான் வேடிக்கை. யுங்காஸ் என்னும் பசுமையான பள்ளத்தாக்குகளுக்குச் செல்லும் சாலை, 4,600 மீட்டருக்கும் மேலான லா கும்ப்ரே கணவாயைக் கடந்த பிறகே சரிகிறது. அந்தக் கணவாயைக் கடக்கும்வரை அவர் சிற்றுந்தின் சன்னலில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரத்தில் கொரோய்கோ என்ற சிற்றூரை அடைந்தபோது வாழைத்தோப்பும் காப்பிச் செடியும் ஈரக்காற்றுமாக இருந்தது. உயரம் சுமார் 1,700 மீட்டர். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்கிறது" என்பது. அங்கே மூன்று நாள் தங்கினோம். போட்டு வைத்திருந்த கால அட்டவணையை அங்கேதான் கிழித்துப்போட்டோம். அதன்பின் யார் உடல் பின்தங்குகிறதோ அவருடைய வேகம்தான் இருவருக்கும் வேகம் என்று வைத்துக்கொண்டோம். சொல்வது எளிது. நன்றாக இருப்பவருக்கு எரிச்சலும் முடியாமல் இருப்பவருக்குக் குற்ற உணர்வும் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இரண்டு முறை நடுத்தெருவில் வாய்ச்சண்டையும் போட்டோம்.

மறுபடி லா பாஸுக்கு ஏறியபோது ஊர் வேறாகத் தெரிந்தது. கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கின் அடியிலிருந்து விளிம்புவரை செங்கல் வீடுகள் அப்பிக்கொண்டிருக்கும் நகரம் அது. நம் மலைவாழிடங்களில் வசதியுள்ளவர்கள் உயரத்தைத் தேடிப் போய் மாளிகை கட்டினார்கள். இங்கே பணக்காரர்கள் குளிர் குறைந்து மூச்சும் எளிதாக வரும் தென்பகுதியின் அடிவாரத்தில் குடியிருக்க, ஏழைகள் மேலே எல் ஆல்டோவின் காற்றில் இருக்கிறார்கள். இந்த இரண்டு உலகங்களையும் 2014இல் திறக்கப்பட்ட கம்பிவட ஊர்தி இணைக்கிறது. 'மி டெலெஃபெரிகோ' என்று பெயர். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம். நாங்கள் போனபோது ஒரு பயணத்துக்கு மூன்று பொலிவியானோ (அந்நாட்டு நாணயம்). அது சுற்றுலாவுக்காகப் போட்டதல்ல, அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போகிறவர்களின் ஊர்தி. எதிரே அமர்ந்திருந்த பாட்டி, பல மடிப்புப் பாவாடையும் உருண்டைத் தொப்பியுமாக, மடியில் ஒரு மூட்டை உருளைக்கிழங்குடன் தூங்கிக்கொண்டே வந்தார். நடக்கக் கூடாத உடல்நிலையில் இருந்த என் கணவருக்கு ஒரு முழு நாளை மகிழ்ச்சியாகக் கழிக்க அதைவிடச் சிறந்த வழி கிடைத்திருக்காது.

தங்குமிடம் பற்றி ஒரு சிறு தகவல். இரட்டைக் கட்டில் உள்ள அறையை அங்கே 'மாத்ரிமோனியல்' என்றுதான் கேட்க வேண்டும். நம் ஊரில் அச்சொல் ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரங்களை நினைவூட்டுவதால், ஒவ்வொரு விடுதி வாசலிலும் அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். யாரும் திருமணச் சான்றிதழ் கேட்கவில்லை.

லா பாஸிலிருந்து இரவுப் பேருந்தில் சுக்ரே சென்றோம். அரசியலமைப்பின்படி நாட்டின் தலைநகரம் அதுதான். அரசு இயங்குவது மட்டும் லா பாஸில். 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலைப் பிரகடனம் நிகழ்ந்த கட்டடம் அங்கே இருக்கிறது. 2,800 மீட்டர் உயரம், வெள்ளைச் சுவர்கள், இதமான வெயில். நான்கு நாள் தங்கி, காலையில் ஸ்பானிய மொழி வகுப்புக்குப் போனோம். முட்டையைத் தவிர மற்றபடி சைவமே சாப்பிடும் எனக்கு அந்த வகுப்பு உயிர்காத்தது. 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் கோழிக்கறி வரும். 'கார்னே' என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் மாட்டிறைச்சி. கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம், எலும்புச் சாறும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகிக்கொண்டேன். சந்தைகளில் மதிய உணவு மலிவு. ஆனால் அருமையான நிலக்கடலைச் சூப்பில்கூட இறைச்சி கிடக்கும்.

என்னை அங்கே காப்பாற்றியது 'யாக்வா' என்னும் துவையல். தக்காளியையும் 'லொகோத்தோ' என்ற தடித்த மிளகாயையும் ஒரு மணமுள்ள கீரையையும் சேர்த்து, 'பதான்' என்னும் கல்லில் நசுக்கி எடுக்கிறார்கள். நம் அம்மியில் குழவியை இழுத்து அரைப்போம். அங்கே அரைவட்டமான பெரிய கல்லை இருபுறமும் பிடித்துத் தொட்டில் போல ஆட்டுகிறார்கள். சந்தையில் ஓர் அம்மா என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் இந்தக் கண்டத்திலிருந்துதான் நம் அடுப்படிக்கு வந்தன என்று படித்திருந்தாலும், நாக்கில் வைத்தபோதுதான் அவற்றின் தாய்வீட்டுக்கே வந்ததுபோல் இருந்தது.

சுக்ரேயிலிருந்து போத்தோசி மூன்று மணி நேரம்தான். உயரம் மட்டும் 4,000 மீட்டரைத் தொடுகிறது. இந்த முறை என் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கு மேலே செம்பழுப்பு நிறத்தில் செரோ ரிக்கோ, அதாவது 'செல்வ மலை', கூம்பாக நிற்கிறது. 1545இல் அங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டபின், ஊர்தோறும் முறைவைத்து ஆண்களைச் சுரங்க வேலைக்குக் கட்டாயமாக அனுப்ப வேண்டும் என்ற 'மீத்தா' முறையை ஸ்பானிய ஆட்சி புகுத்தியது. பழைய நாணயச் சாலை இன்று அருங்காட்சியகம். வெள்ளிப் பாளத்தைத் தகடாக அழுத்தும் பிரம்மாண்டமான மரச் சக்கரங்கள் மாடியில் இருக்க, அவற்றைச் சுழற்றிய கோவேறு கழுதைகள் கீழ்த்தளத்தில் சுற்றிச் சுற்றி நடந்திருக்கின்றன. நம் செக்குமாடுகள்தான் என் நினைவுக்கு வந்தன. சோழமண்டலக் கரையில் துணி வாங்க ஐரோப்பியக் கும்பினிகள் கொண்டுவந்து கொட்டிய வெள்ளியில் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியும் உண்டு என்பதால், அந்தக் கூடத்தில் நின்றபோது வேற்று நாட்டு வரலாறு என்ற எண்ணம் சற்றே தளர்ந்தது.

சுரங்கத்துக்குள் போவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. கூட்டுறவுக் குழுக்களாக இன்றும் அங்கே வேலை நடக்கிறது. வழிகாட்டிகள் பயணிகளை உள்ளே அழைத்துப் போகிறார்கள். போகும் வழியில் தொழிலாளர்களுக்காக, அவர்கள் மெல்லும் கோகா இலையும் குளிர்பானமும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறர் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு பிழைக்கும் இடத்தை வேடிக்கை பார்ப்பது தகாது என்றார் என் கணவர். நான் மட்டும் போனேன். குனிந்தும் தவழ்ந்தும் இரண்டு மணி நேரம். நிலத்தடியின் தலைவனாகக் கருதப்படும் 'தியோ'வின் கொம்பு வைத்த உருவத்துக்கு முன்னால் கோகா இலைகள் குவிந்திருந்தன. அதன் வாயில் யாரோ சிகரெட்டைச் செருகியிருந்தார்கள். ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு இளைஞர்களுக்கு வழிவிட நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். அவர்கள் வேலையை நான் தாமதப்படுத்தினேன் என்பதைத் தவிர அங்கே நான் செய்தது ஒன்றுமில்லை. அவர் சொன்னதே சரி என்று இப்போது நினைக்கிறேன்.

போத்தோசியிலிருந்து உயூனி செல்லும் வழியில் 'ப்ளொக்கேயோ' வந்தது. கோரிக்கைக்காகச் சாலையில் கற்களைப் போட்டு மறிப்பது அந்நாட்டில் அடிக்கடி நடக்கும் செயல். பேருந்து நின்றதும் உள்ளூர்க்காரர்கள் சலனமே இல்லாமல் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மறியலின் மறுபக்கம்வரை நடந்துபோய், அங்கே திரும்பி நிற்கும் வேறொரு வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். அது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பையில் தேவையற்றது எவ்வளவு இருக்கிறது என்பது அந்த மூன்று கிலோமீட்டரில் தெரிந்துவிடும். எனக்கு ஒன்பது கிலோவே அதிகமாகப்பட்டது. நாடு முழுவதும் இப்படி நேரலாம் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாட்களாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயூனி உப்புப் பாலைவனத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் வெறும் உப்பு. வானம் தரையில் தெரியும் படங்களைப் பார்த்து மயங்கிப் போகிறவர்கள், அந்தக் காட்சி டிசம்பர் முதல் மார்ச் வரையான மழைக்காலத்துக்கு உரியது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நாங்கள் போன சூன் மாதத்தில் தரை காய்ந்து, அறுகோணப் பாளங்களாக வெடித்து, வெண்மையில் கண் கூசியது. மூன்று நாள் ஜீப் பயணம்; ஆறு பயணிகள்; ஓட்டுநரே சமையல்காரர். எனக்காகத் தனியே கீன்வா என்னும் தானியமும் முட்டையும் செய்து தந்தார். இரண்டாம் இரவு சிவப்பு ஏரியான லகூனா கொலராதாவுக்கு அருகே, சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், வெப்பமூட்டி இல்லாத அறையில் படுத்தோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை. பழக்கதோஷத்தில் என் கணவரின் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சீராக மூச்சுவிட்டு, குறட்டையும் விட்டார். விடிய விடியத் தூங்காமல் கிடந்தது நான்தான்.

கடைசி நான்கு நாட்கள் டிட்டிகாக்கா ஏரிக்கரையில், கோப்பகபானாவிலும் சூரியத் தீவிலும். திக்கீனா நீரிணையில் பயணிகளை இறக்கிச் சிறு படகில் ஏற்றிவிட்டு, பேருந்தை மட்டும் மரத் தெப்பத்தில் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். நம் பைகள் அந்தத் தெப்பத்தில் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அப்போது ஒரு பொலிவியானோ ஏறக்குறைய பத்து ரூபாய். விமானக் கட்டணம் நீங்கலாக இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் ஆயிற்று. 2023க்குப் பிறகு அங்கே டாலர் தட்டுப்பாட்டால் நிலைமை மாறிவிட்டது. எங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கசங்காத, கிழியாத டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள். கோகா இலைத் தேநீர் அங்கே சட்டப்படி கிடைக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம். ஒரு பொட்டலம்கூட இந்தியாவுக்குக் கொண்டுவரக் கூடாது, இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

மீண்டும் போனால் நான் தொடங்கும் இடம், இரண்டு மணி நேரம் மட்டும் உட்கார்ந்துவிட்டு வந்த அதே சாந்தா குரூஸ். அங்கே இரண்டு நாள், பிறகு சுக்ரேயில் நான்கைந்து நாள், போத்தோசி, உயூனி, லா பாஸ், கடைசியில் ஏரி. இந்த வரிசையில் உடல் படிப்படியாக ஏறும். உயர நோய்க்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இருவர் பையிலும் இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போட்டுக்கொண்டோம். பொலிவியாவிலிருந்து திரும்பும்போது, ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லையென்றால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. சென்னையில் இறங்கியதும் எங்களிடம் கேட்டார்கள். என் அட்டை கையில் இருந்தது. அவருடையதைத் தேட, வரிசையை விட்டு விலகி, கைப்பையில் இருந்த ஆல்பாக்கா கம்பளிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்துப் போட வேண்டியிருந்தது.