மாத்திரை இலவசம், மற்றதெல்லாம்?

கேள்வி: எச்.ஐ.வி. மாத்திரை இலவசமாகவே கிடைத்தும் வசதியில்லாத பலர் பாதியில் விட்டுவிடுகிறார்களே, அலட்சியம்தானே?

பதில்: மாத்திரை இலவசம், சரி. அதை வாங்கப் போகிற நாளின் கூலியை யார் தருவது? தினக்கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டு, பஸ்ஸுக்கும் செலவழித்து, வரிசையில் நிற்க வேண்டும். கையில் காசில்லாவிட்டால் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவார், அதற்குள் டப்பா காலி. சாப்பாடில்லாத ராத்திரி, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுமே என்று மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம், ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீட்டில் டப்பாவை எங்கே ஒளிப்பது? கலகலவென்று சத்தம் வருமே என்று உள்ளே பஞ்சு திணித்து வைக்க வேண்டியிருக்கிறது. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் வைரஸுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. மருந்து அடிக்கடி விட்டுப்போனால் அது மறுபடி பெருகும், அந்த மருந்துக்கே அடங்காமலும் போகலாம். பிறகு வேறு மருந்துக்கு மாற வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது.

நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு 3 முதல் 6 மாத மாத்திரையை மொத்தமாகவே கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிவுரையைவிட அது எவ்வளவோ மேல். இடையில் நிறுத்தியவர்களும் தயங்காமல் திரும்பப் போகலாம், யாராவது திட்டினாலும் பரவாயில்லை.