கிகாண்டியா கலப்பு நாற்று பூக்கவில்லையா? கத்தரியைக் கீழே வையுங்கள்

பழைய தோட்ட ரோஜா வகையான டீ ரோஸில், ரோசா கிகாண்டியா என்ற காட்டுக் கொடி ரோஜாவின் மகரந்தம் வைத்து வந்த நாற்றை வருஷா வருஷம் கவாத்து செய்தும் பூக்கவில்லை என்றீர்கள். கவாத்துதான் காரணம். இந்தக் கலப்பின் முதல் தலைமுறை வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், அதுவும் போன வருஷக் கொம்பில். வெட்டாமல் படுக்கையாக இழுத்துக் கட்டுங்கள்.

திரும்பத் திரும்பப் பூக்கும் பிள்ளை வேண்டுமென்றால், பூத்ததும் மறுபடி டீ ரோஸோடு சேருங்கள். ஆஸ்திரேலியாவில் ரோஜா வகைகளை உருவாக்கிய அலிஸ்டர் கிளார்க் போன வழி அதுதான்: 1915-இல் ‘ஜெஸ்ஸி கிளார்க்’, வருஷத்துக்கு ஒரே பூப்பு; அதன் பிள்ளை ‘லொரெய்ன் லீ’, 1924, குளிர்காலத்திலும் பூக்கிறது. ஹைப்ரிட் டீ வேண்டாம். அது பெரும்பாலும் நான்மடியம் (நாலு செட் குரோமோசோம்), உங்களுடையது இருமடியம் (ரெண்டு செட்), பிள்ளைகள் பெரும்பாலும் மலடு.

இதழ் விரியுமுன் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, மறுநாள் சூல்முடி (பூவின் நடுவில் மகரந்தம் ஏற்கும் நுனி) பிசுபிசுத்ததும் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவுங்கள். விதைக்கு ஈர மணலில், ஃப்ரிட்ஜில் 6 வாரம். முளைத்த சில மாதத்திலேயே, விரலளவு செடியில் மொட்டு வந்தால், அது திரும்பப் பூக்கும் செடி; அதை வைத்துக்கொள்ளுங்கள். சுமார் பாதி அப்படி வரலாம்.